கை மதமதப்பு: "கூடுதல் தசை, பிறவிக் கோளாறு" என்கிறார்கள். அப்படியானால் வேலைக்குப் பங்கே இல்லையா?

ஊத்துக்குளி வெண்ணெய் | செவ்வாய், இரவு 10.42

அம்மாவுக்கு 47 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. முதல் 15 ஆண்டு ஓவர்லாக் மிஷின். முழங்கால் வலி வந்த பிறகு, கடைசி 6 ஆண்டாகப் பிசிறு வெட்டும் பிரிவில் இருக்கிறார்.

ஒரு வருடமாக வலது கை மதமதவென்று இருக்கிறது. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல், மோதிர விரலில் பாதி. சுண்டு விரலுக்கு ஒன்றுமில்லை. இரவு 2 மணிக்கு எழுந்து உட்கார்ந்து, தெர்மாமீட்டரை உதறுவதுபோலக் கையை உதறுகிறார். உதறினால் கொஞ்சம் அடங்குகிறது. பகலில் பூக்கட்ட முடியவில்லை, புடவைக்கு ஊக்கு மாட்ட என்னைக் கூப்பிடுகிறார்.

முதலில் சர்க்கரை என்றார்கள், பரிசோதித்தால் இல்லை. அடுத்தவர் கழுத்தெலும்புத் தேய்மானம் என்று பட்டை மாட்டிவிட்டார். மூன்றாவதாகப் பார்த்த நரம்பு மருத்துவர்தான் மின்சாரம் வைத்துச் சோதித்து, மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது, கார்பல் டனல் என்றார். ஸ்கேனில் ஒரு சங்கதி தெரிந்தது. விரல்களை மடக்கும் ஒரு தசையின் சதைப்பகுதி முன்கையிலேயே முடிந்திருக்க வேண்டுமாம். அம்மாவுக்கு அது மணிக்கட்டுக்குள் இறங்கியிருக்கிறதாம்.

இந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு வேலையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கப் போனார் அம்மா. மேனேஜர் படித்துவிட்டு, "இது உங்கள் பிறவிக் கோளாறு, இதற்கும் எங்கள் வேலைக்கும் என்ன சம்பந்தம்?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கேள்வி இரண்டு. அவர் சொல்வது சரியா? இன்னொன்று, இணையத்தில் பார்த்து நானும் தங்கையும் மணிக்கட்டை மடக்கிப் பார்த்தோம். அவளுக்கு இரண்டு கையிலும் நடுவில் கயிறு போல எழும்புகிறது. எனக்கு இடது கையில் எழும்பவே இல்லை. எனக்கும் இந்த நோய் வருமா?

நொய்யல் கரை | செவ்வாய், இரவு 11.05

தம்பி, கத்தி மட்டும் வைக்க விடாதீர்கள். விளக்கெண்ணெயைச் சூடு செய்து தேய்த்து, எருக்கிலை ஒத்தடம் கொடுங்கள். என் மாமனாருக்கு ஒரே மாதத்தில் போய்விட்டது.

முன்கை | புதன், காலை 6.20

கோவையில் 18 ஆண்டாக இயன்முறைச் சிகிச்சை செய்துவருகிறேன். மேலே எழுதிய நண்பரின் மாமனாருக்கு என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஒத்தடம் காலம் கடத்திவிடும். அதுதான் என் பயம்.

தம்பியின் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது சுலபம். கட்டை விரல் நுனியையும் சுண்டு விரல் நுனியையும் சேர்த்து, மணிக்கட்டைச் சற்று உள்பக்கம் மடக்கினால் நடுவில் எழும்பும் கயிறு பால்மாரிஸ் லாங்கஸ் என்னும் தசையின் நாண், அதாவது தசை நுனியில் உள்ள நார்க்கயிறு. பாடநூல்கள் ஏறத்தாழ நூற்றில் 15 பேருக்கு இது இருக்காது என்கின்றன. இனத்துக்கு இனம், ஊருக்கு ஊர் இந்த எண்ணிக்கை மாறும். ஒரு கையில் இருந்து மறு கையில் இல்லாமல் போவதும் உண்டு. இல்லாவிட்டால் கையின் பலம் குறைந்துவிடாது. இது நோய் அல்ல, நோயின் அடையாளமும் அல்ல. நிம்மதியாகத் தூங்குங்கள்.

இப்போது குகைக்கு வருவோம், டனல் என்பது அதைத்தான். மணிக்கட்டில் சிறு எலும்புகள் கிண்ணம் போல வளைந்து நிற்கின்றன. கிண்ணத்தின் வாய்க்குக் குறுக்கே தடித்த பட்டை ஒன்று கூரையாக இழுத்துக் கட்டியிருக்கிறது. உள்ளே விரல்களை மடக்கும் நாண்கள் ஒன்பது, அவற்றோடு, அம்மாவுக்கு மதமதக்கும் விரல்களுக்குப் போகும் மீடியன் நரம்பு. ஒன்பது நாண்களும் கயிறுபோல உறுதியானவை. நரம்புதான் மெத்தென்றது. இட நெருக்கடி எதனால் வந்தாலும் முதலில் நசுங்குவது அதுதான்.

கவனியுங்கள், பால்மாரிஸ் நாண் இந்தக் கூரைக்கு மேலே ஓடுகிறது, உள்ளே அல்ல. அம்மாவுக்கு இருப்பது வேறு வகை. அவருக்குத் தசை கூடுதலாக இல்லை. எல்லோருக்கும் இருக்கும் தசைதான், அதன் சதை அளவு மீறி நீண்டிருக்கிறது. "கூடுதல்" என்ற சொல்லே மேனேஜர் கையில் ஆயுதமாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் இன்றே பாருங்கள். கட்டை விரலின் அடியில் உள்ளங்கையில் இருக்கும் மேடு, இடது கையோடு ஒப்பிட்டால் வலது கையில் தட்டையாகியிருக்கிறதா? அப்படி இருந்தால் காத்திருக்காதீர்கள்.

காயில் கட்டுபவன் | புதன், காலை 8.11

கணபதியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். முன்கை அண்ணன் சொன்னது எங்களுக்கு எளிதில் புரியும். ஸ்லாட்டுக்குள் இத்தனை சுற்று என்று கணக்கு. ஒரு சுற்று கூடினாலும் மேலே மூங்கில் ஆப்பு இறங்காது. தட்டி இறக்கினால் எங்காவது ஒரு கம்பியின் வார்னிஷ் உரியும். அன்றைக்கு ஓடும், ஆறு மாதத்தில் கருகும்.

எனக்கும் இதே வியாதி வந்து, நான்கு வருடத்துக்கு முன் வலது கையில் அறுவை செய்துகொண்டேன். எனக்கு இரண்டு மணிக்கட்டிலும் அந்தக் கயிறு கிடையாது. ஆகக் கயிறு இருப்பவனுக்குத்தான் வரும் என்று யாராவது சொன்னால் என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஊத்துக்குளி வெண்ணெய் | புதன், காலை 8.40

மேட்டைப் பார்த்தேன் அண்ணா. இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. ஆனால் கட்டை விரலை மேலே தூக்கச் சொல்லி நான் அமுக்கினால் வலது கை சீக்கிரம் விட்டுக்கொடுக்கிறது.

மூன்றாம் மேசை | புதன், இரவு 9.30

மருத்துவம் படிக்கிறேன். என் பெயர், முதலாமாண்டு உடற்கூறு வகுப்பில் நான் நின்ற மேசையின் பெயர்.

பால்மாரிஸை அவ்வளவு சீக்கிரம் விடுவித்துவிட வேண்டாம். அது குகைக்கு மேலே ஓடினாலும் கூரையோடு ஒட்டிக்கொண்டு உள்ளங்கைத் தோலுக்கு அடியிலுள்ள விசிறி போன்ற பட்டையில் போய்ச் சேர்கிறது. 1997-இல் வெளிவந்த ஒரு சோதனையில், இறந்தவர்களின் கைகளில் ஒவ்வொரு நாணாக இழுத்துக் குகைக்குள் அழுத்தத்தை அளந்தார்கள். மணிக்கட்டைப் பின்பக்கம் வளைத்து வைத்து இந்த நாணை இழுத்தபோதுதான் அழுத்தம் மிக அதிகமாக ஏறியது. உள்ளே இருக்கும் நாண்களை இழுத்தபோதுகூட அவ்வளவு ஏறவில்லை. நாண் உள்ளவர்களிடம் இந்நோய் சற்று அதிகம் என்று சொன்ன ஆய்வும் உண்டு. காயில் அண்ணன் தனி ஒருவராக அதைப் பொய்யாக்கிவிட முடியாது, மன்னிக்கவும்.

பால்மாரிஸே சில பேருக்குத் தடம் மாறும். சதை மேலேயும் நாண் கீழேயும் இருக்க வேண்டியது தலைகீழாகி, சதை மணிக்கட்டருகே வந்துவிடும். வேலை செய்யச் செய்ய அந்தச் சதை பருத்து நரம்பை அழுத்தும். இன்னும் அரிதாக, பால்மாரிஸ் புரொஃபண்டஸ் என்று ஒன்று கூரைக்கு அடியில் நுழைந்து நரம்புக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளும். பெரும்பாலும் அறுவையின்போதுதான் அது கண்ணில் படும்.

எங்கள் மேசையில் அறுத்துப் படிக்கக் கிடத்தியிருந்தவருக்கு இடது முன்கையில் பால்மாரிஸ் இல்லை. "எங்கே வெட்டி எறிந்தீர்கள்?" என்று பேராசிரியர் எங்களைத்தான் திட்டினார். பக்கத்து மேசைக்காரர்கள் வந்து பார்த்த பிறகுதான் நம்பினார். வலது கையில் அந்த நாண் வாழைநார் போலப் பளபளவென்று தட்டையாகக் கிடந்தது. மீடியன் நரம்பு அதற்கு அடியில், கட்டை விரல் பக்கமாகச் சற்று ஒதுங்கி இருந்தது. மணிக்கட்டில் ஊசி போடுகிறவருக்கு அந்த நாண் ஓர் எல்லைக்கல். எல்லைக்கல் இல்லாத கையில் நரம்பைக் குத்திவிடாமல் இருக்கக் கூடுதல் கவனம் வேண்டும்.

குகைக்குள் எட்டிப் பார்க்கும் சதை இன்னொன்றும் இருக்கிறது. உள்ளங்கையில் லும்பிரிகல் என்று மண்புழு போல நான்கு சிறு தசைகள் உண்டு, பெயரே லத்தீனில் புழு என்பதிலிருந்து வந்ததுதான். அவை விரல் நாண்களிலேயே பிறக்கின்றன. விரல்களை இறுக்கி மடக்கினால் நாண் பின்னுக்குப் போகும், கூடவே அவையும் குகைக்குள் இழுபடும். யாருக்கும் இது நடக்கும். சிலருக்கு அவை தொடங்கும் இடமே குகைக்கு அருகில் இருப்பதால் சீக்கிரமே நுழைந்துவிடும்.

கட்டுத்தரை | வியாழன், காலை 5.50

காங்கயத்துக்குப் பக்கம். கறவை முடித்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்து எழுதுகிறேன்.

ஒரு சந்தேகம். என் அமுச்சி (அம்மாவின் அம்மா) விடிந்தால் ஆட்டுக்கல், பொழுதானால் அம்மி, இரண்டு வேளையும் ஆறு மாட்டில் கறவை. இந்த டனல் கினல் எல்லாம் அவருக்கு வரவில்லையே? மிஷின் வந்த பிறகு வந்த வியாதியா இது? என் மனைவிக்கும் இப்போது இதே போல இருக்கிறது. மூன்று மாடுதான்.

முன்கை | வியாழன், காலை 7.15

உங்கள் அமுச்சிக்கு வரவில்லை என்று யார் சொன்னது? கை மதமதப்பு என்று சொல்லி எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுத்திருப்பார். அதற்குப் பெயர் இருந்திருக்காது.

மணிக்கட்டருகே எலும்பு முறிந்து சேர்ந்த ஒருவருக்கு மீடியன் நரம்பு நசுங்கியதை ஜேம்ஸ் பேஜெட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1854-இலேயே எழுதிவைத்தார். கூரைப்பட்டையை வெட்டிவிட்டால் சரியாகுமே என்று பிரான்சில் பியர் மாரியும் ஷார்ல் ஃபுவாவும் 1913-இல் சொன்னார்கள். 1950-களில் அமெரிக்காவின் ஜார்ஜ் ஃபேலன் நோயாளிகளைத் தொடர்ந்து பதிவுசெய்து எழுதிய பிறகுதான் சாதாரண மருத்துவர்களுக்கும் இது பழக்கமானது. மணிக்கட்டைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் வைத்துப் பார்க்கும் சோதனைக்கு அவர் பெயர்தான். கோவை கிரைண்டர் வருவதற்கு வெகுகாலம் முன்பே நோய் இருந்தது அண்ணா.

கறவைக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் கட்டை விரலை மடக்கி, அதன் கணுவில் காம்பை அழுத்திக் கறக்கிறார்களா, முழுக்கையால் பிடித்துக் கறக்கிறார்களா?

கட்டுத்தரை | வியாழன், மாலை 6.30

கட்டை விரல் மடக்கித்தான். காம்பு சின்னது, முழுக்கை பிடிபடாது. மனைவியிடம் கேட்டேன். மூன்றாவது மாடு கறக்கும்போது சொம்பு கையில் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறாளாம். இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்றால், கேட்டீர்களா என்கிறாள்.

இருபது மிஷின் | வியாழன், இரவு 10.20

ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். எல்லோரும் அந்த மேனேஜரை வில்லனாக்கிவிட்டீர்கள். எங்கள் பக்கமும் கொஞ்சம் கேளுங்கள்.

என்னிடம் பிசிறு வெட்ட ஒன்பது பெண்கள் இருக்கிறார்கள். ஒருவருக்கும் இந்தப் பிரச்சினை இல்லை. வேலைதான் காரணம் என்றால் ஒன்பது பேருக்கும் வந்திருக்க வேண்டுமே? ஒருவருக்கு மட்டும் வருகிறது, அவர் கையில் ஸ்கேன் எடுத்தால் பிறவியில் ஏதோ வித்தியாசம் தெரிகிறது. பிறகு அது பிறவிதானே? ஷிப்மென்ட் தேதி தப்பினால் விமானத்தில் அனுப்பும் செலவு என் தலையில் விழும். நானும் கடனில்தான் ஓட்டுகிறேன்.

ஊத்துக்குளி வெண்ணெய் | வெள்ளி, இரவு 11.15

நேற்று இரவு அம்மாவோடு உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன்.

ஒரு டி-ஷர்ட்டில் கழுத்து, இரண்டு தோள், இரண்டு கை, இரண்டு பக்கம், அடிமடிப்பு. நூல் நுனி எட்டு இடத்தில் நிற்கும். ஒன்றரை ஷிப்டில் அம்மா 600 பீஸ் பார்க்கிறார். ஒரு நுனிக்கு ஒரு வெட்டு என்றாலும் 4,800 தடவை அந்தக் குட்டிக் கத்தரியை அமுக்குகிறார். வளையம் இல்லாத கத்தரி அது, உள்ளங்கையில் வைத்து விரலால் அமுக்க வேண்டும், ஸ்பிரிங் தானாகத் திறக்கும். அம்மா வைத்திருக்கும் கத்தரியில் ஸ்பிரிங் விறைப்பு. வாய் மழுங்கிவிட்டால் ஒரே நூலை இரண்டு முறை வெட்ட வேண்டியிருக்கிறது. புதுக் கத்தரி கேட்டால் பழையதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வாங்கிக்கொள் என்பார்கள், பழையதைப் பார்த்துவிட்டு இன்னும் ஒரு மாதம் ஓடும் என்பார்கள்.

இன்னொரு விஷயம். ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் படித்தேன். இரண்டு கையையும் ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். இடது கையிலும் அதே தசை, அதே நீளத்துக்கு இறங்கியிருக்கிறது. ஆனால் இடது கை நரம்புச் சோதனை நார்மல். அம்மாவுக்கு இடது கையில் ஒரு தொந்தரவும் கிடையாது.

முன்கை | சனி, காலை 6.05

தம்பி, இதை முதல் நாளே எழுதியிருந்தால் பாதி விவாதம் மிச்சமாகியிருக்கும்.

இருபது மிஷின் அண்ணாவுக்கு: நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான். ஒன்பது பேர் ஒரே வேலை செய்தும் ஒருவருக்கு மட்டும் ஏன் வருகிறது என்பதற்கு உடலமைப்பு பதில் சொல்லும். குகையின் அகலம் ஆளுக்கு ஆள் வேறு, உள்ளே இறங்கும் சதை வேறு. பெண்களுக்கு இந்நோய் ஆண்களைவிட அதிகம். தைராய்டு குறைவு, சர்க்கரை, முடக்குவாதம், கர்ப்பகாலம், உடல் எடை எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் ஒரே ஆளுக்கு இரண்டு கையிலும் ஒரே அமைப்பு இருந்து ஒரு கையில் மட்டும் ஏன் வருகிறது என்பதற்குப் பிறவி பதில் சொல்லாது. அந்தத் தசை அவருக்கு ஐந்து வயதிலும் இருந்தது, ஓவர்லாக் ஓட்டிய 15 ஆண்டும் இருந்தது. கத்தரி பிடித்த பிறகு, கத்தரி பிடித்த கையில்தான் நோய் வந்தது.

கத்தரியை அமுக்கும் கையை மனதில் ஓடவிட்டுப் பாருங்கள். விரல் மடங்கும்போது மேசைக்காரர் சொன்ன புழுத்தசைகள் கீழிருந்து குகைக்குள் நுழையும். துணியைப் புரட்டும்போது மணிக்கட்டு பின்னால் வளையும், அப்போது அம்மாவின் நீண்ட சதை மேலிருந்து நுழையும். இரண்டு பக்கமும் வாசலை அடைத்தால் உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகும்?

எண்ணிக்கை வேண்டும் என்பவர்களுக்கு: 1981-இல் குகைக்குள் மெல்லிய குழாய் செலுத்தி அளந்தார்கள். நோயில்லாதவர்கள் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும்போது சராசரி 2.5 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம். நோயுள்ளவர்களுக்கு அதே நிலையில் 32. முழுதாக உள்ளே மடக்கினால் 94, பின்னால் வளைத்தால் 110. இரவில் நாம் மணிக்கட்டை மடக்கித் தலைக்கடியில் வைத்துத் தூங்குவதும் அந்த 2 மணி விழிப்புக்கு ஒரு காரணம். அழுத்தம் 30-ஐத் தாண்டி நீடித்தாலே நரம்புக்கு ரத்த ஓட்டம் தடைப்படும்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2010-இல் திருத்திய தொழில்நோய்ப் பட்டியலில் கார்பல் டனல் பெயரோடு இருக்கிறது. விசை கொடுத்துத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலை, அதிர்வு, மணிக்கட்டின் கோணல் நிலை ஆகியவற்றை அதில் குறிப்பிட்டிருக்கிறார்கள். ஃபவுண்டரியில் கை கிரைண்டர் பிடிக்கும் பையன்கள் மாதத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் வருகிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் பிறவித் தசை இருக்கிறது என்று சொல்வோமா?

மஞ்சள் மண்டி | சனி, காலை 11.40

ஈரோடு. எனக்கு இரண்டாவது பிரசவத்தின் ஏழாம் மாதத்தில் இரண்டு கையும் இப்படித்தான் இருந்தது. வளையல் போட முடியாமல் வளைகாப்பில் அழுதேன், சந்தோஷக் கண்ணீர் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். பிள்ளை பிறந்து ஒன்றரை மாதத்தில் தானாகப் போய்விட்டது. ஊத்துக்குளித் தம்பி, அம்மாவுக்குத் தைராய்டு பார்த்தீர்களா?

ஊத்துக்குளி வெண்ணெய் | சனி, மதியம் 1.10

பார்த்தாயிற்று அக்கா, நார்மல். மணிக்கட்டுப் பட்டை வாங்கிக் கொடுத்தோம், போட்டால் இன்னும் வலிக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார்.

முன்கை | சனி, மதியம் 2.30

அந்தப் பட்டைக்குள் ஒரு தகரத் தகடு இருக்கும், உருவி எடுங்கள். கடையில் விற்கும் பட்டைகள் பலவற்றில் அது மேல்நோக்கி வளைந்திருக்கும். அதை அப்படியே போட்டால் அழுத்தம் குறையாது, ஏறும். தகட்டைத் தரையில் வைத்து நேராக்கி மறுபடி செருகுங்கள். இரவில் மட்டும் கட்டினால் போதும். இறுக்கிக் கட்டாதீர்கள், ஒரு விரல் நுழைய இடம் வேண்டும். ஆறு வாரம் பாருங்கள்.

இருபது மிஷின் | சனி, இரவு 9.50

இடது கை விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.

இன்று பிசிறு வெட்டும் மேசைக்குப் போய் ஒன்பது கத்தரியையும் வாங்கி நானே அமுக்கிப் பார்த்தேன். மூன்று கத்தரி உண்மையிலேயே கொடுமை. அவற்றை வைத்திருந்த மூன்று பேரும் புதிதாகச் சேர்ந்தவர்கள், பழையவர்கள் நல்லதைத் தங்களுக்கு எடுத்துக்கொண்டு மோசமானதைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். எனக்கு இது தெரியாது. ஒரு கத்தரி நூறு ரூபாய்கூட இல்லை. கையில் மதமதப்பு யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டேன். ஒருவருக்கும் இல்லை என்றார்கள். வெளியே வந்த பிறகு இரண்டு பேர் பின்னாலேயே வந்து "எங்களுக்கு இருக்கிறது அண்ணா" என்றார்கள்.

சந்தாதாரர் | ஞாயிறு, காலை 10.00

வேலையால் வந்த நோய் என்று நிரூபிக்கும் வழக்கு நீண்ட வழி. அதற்கு முன் கைக்கெட்டியதை வாங்குங்கள். அம்மாவுக்கு ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா? பிடித்தால், அரையாண்டுச் சந்தாக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருந்தால், மருத்துவர் விடுப்புச் சான்று கொடுக்கும் நாட்களுக்குச் சராசரிக் கூலியில் 70 சதவீதம் கிடைக்கும், ஆண்டுக்கு 91 நாள் வரை. இதற்கு நோய் பிறவியா வேலையா என்ற கேள்வியே எழாது.

நொய்யல் கரை | ஞாயிறு, இரவு 8.15

அறுவை செய்தவரிடம் ஒன்று கேட்க வேண்டும். காயில் அண்ணா, பயமாக இருந்ததா? எனக்கும் இடது கையில் கொஞ்ச நாளாக இருக்கிறது, இதுவரை இங்கே சொல்லவில்லை.

காயில் கட்டுபவன் | ஞாயிறு, இரவு 9.00

பயமாகத்தான் இருந்தது, ஊசி போடும்வரை. கையை மட்டும் மரத்துப்போக வைத்தார்கள். துணித் திரைக்கு அந்தப் பக்கம் வேலை நடந்தது, கால் மணி நேரம். மருத்துவர் நர்ஸிடம் பேசிக்கொண்டே முடித்துவிட்டார். அன்று இரவு மதமதப்பு இல்லாமல் தூங்கினேன். விரல் நுனி உணர்வு முழுதாகத் திரும்ப எட்டு மாதம் ஆயிற்று. உள்ளங்கை இரண்டு ஓரத்திலும் அமுக்கினால் வலி மூன்று மாதம் இருந்தது, அதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பட்டறையில் சுத்தியல் பிடிக்க முடியாமல் தம்பியைக் கட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் மேசை | ஞாயிறு, இரவு 10.25

நொய்யல் கரை ஐயா, விளக்கெண்ணெய் என்ன ஆயிற்று என்று கேட்கமாட்டேன். கட்டை விரல் மேடு தேய்வதற்கு முன் போய்க் காட்டுங்கள். தேய்ந்த பிறகும் ஒரு வழி இருக்கிறது, 1929-இல் காமிட்ஸ் என்பவர் எழுதியது: பால்மாரிஸ் நாணைத் திருப்பிவிட்டுக் கட்டை விரலுக்குக் கட்டிவிடுவார்கள், அது விரலைத் தூக்கும் வேலையைச் செய்யும். அதற்கு உங்கள் மணிக்கட்டில் கயிறு இருக்க வேண்டும்.

அறுவைக்கு முன் ஸ்கேன் எடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கருவில் இருக்கும்போது முன்கை நடுவில் ஓடும் ஒரு ரத்தக்குழாய் பிறப்பதற்குள் சுருங்கி மறைந்துவிட வேண்டும். சிலருக்கு மறையாமல் நரம்போடு சேர்ந்து குகைக்குள் வரும், அப்படிப்பட்டவர்களில் பலருக்கு நரம்பும் இரண்டாகப் பிளந்திருக்கும். அறுப்பவருக்கு அது முன்னாலேயே தெரிந்திருப்பது நல்லது.

ஊத்துக்குளி வெண்ணெய் | மூன்று மாதம் கழித்து, செவ்வாய், இரவு 9.05

தகவல் சொல்லாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். தகட்டை நேராக்கிக் கட்டியதும் இரவு விழிப்பு பாதியாகக் குறைந்தது. ஆனால் பகலில் விட்டபாடில்லை, கட்டை விரலின் பலமும் குறைந்துகொண்டே போனது. ஆறு வாரம் பார்த்துவிட்டு அறுவைக்குச் சம்மதித்தோம். சென்ற மாதம் நடந்தது. ஈ.எஸ்.ஐ. பணம் வந்துகொண்டிருக்கிறது. சந்தாதாரருக்கு நன்றி.

அறுவை முடிந்ததும் அம்மா மருத்துவரிடம், "அந்தச் சதையை வெட்டி எறிந்துவிட்டீர்களா?" என்று கேட்டார். "அதை ஏன் வெட்ட வேண்டும்? விரலை மடக்குவதே அதுதானே. கூரையைப் பிரித்து விட்டேன், இனி அது வந்து போகட்டும்" என்றாராம். அம்மாவுக்கு இதில் ஒரு ஏமாற்றம். வெட்டியதைப் பாட்டிலில் போட்டுக் கொடுப்பார்கள், மேனேஜர் மேசைமேல் வைக்கலாம் என்று நினைத்திருந்தார் போல.

கம்பெனியில் இன்னும் பிடிகொடுக்கவில்லை. இருபது மிஷின் அண்ணா தனிச்செய்தியில் கூப்பிட்டார், எண்ணி அடுக்கும் மேசையில் ஆள் வேண்டுமாம். கூலி கொஞ்சம் குறைவு. அம்மா யோசிக்கிறார்.

தையல் பிரித்து இருபது நாள் ஆகிறது. வீட்டில் இரண்டு வெள்ளாடு இருக்கின்றன. எப்போது கறக்கலாம் என்று கேட்டுச் சொல்லச் சொன்னார்.

கட்டுத்தரை | செவ்வாய், இரவு 9.40

அம்மணியை இன்னும் ஒரு மாதம் ஆட்டுப் பக்கம் விடாதீர்கள், நீங்கள் கறக்கப் பழகுங்கள். நானே பழகிவிட்டேன். முதல் வாரம் மாடு என்னை உதைத்தது, இரண்டாவது வாரம் பாலை அடக்கிக்கொண்டது, இப்போது பரவாயில்லை. கட்டை விரலை மட்டும் மடக்காதீர்கள்.

முன்கை | புதன், காலை 6.10

இடது கையால் பழகச் சொல்லுங்கள் என்று எழுத வந்தேன். வேண்டாம், அந்தக் கையிலும் அதே தசை இருக்கிறது. தம்பியே கறக்கட்டும்.